வராதவர்களுக்கும் சேர்த்து

சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எழும்பி ஓடவேண்டும்போல இருக்கும். முப்பது வருடமாகப் பாரிஸின் லா சப்பலில் இருக்கிறேன். மூன்று தமிழர் கூடினால் நான்கு சங்கம் என்று சனம் பகிடியாகச் சொல்லும். நான் அந்த நான்கிலும் காரியதரிசியாக இருந்தவன். ஊர் ஒன்றியம், பழைய மாணவர் சங்கம், கோயில் திருவிழாக் குழு, அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்த இன்னொரு திருவிழாக் குழு. எல்லாவற்றிலும் கூட்டக் குறிப்பு எழுதினேன், எல்லாவற்றிலும் பேச்சு வாங்கினேன். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, இப்போது பெர்தொனே வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் பின்பக்கம் மேசை போட்டிருக்கிறேன். பிரெஞ்சு எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் தொழில். பெயர் ஸ்ரீபன்.

போன மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை பகல், அந்த மேசைக்கு முன்னால் இம்மாகுலேற் வந்து நின்றாள். நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். அவள் என்னோடு கதைத்துப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

இம்மாகுலேற்றை லா சப்பலில் தெரியாதவர் குறைவு. மார்க்ஸ் தொர்முவா வீதிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய ஆறு மாடிக் கட்டடத்துக்கு அவள்தான் கார்தியன், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவள். அவளுக்கும் எனக்கும் ஒரே ஊர், மன்னார்க் கரையில் சிலுவைத்துறை. 1992-இல் வந்தாள். புறநகரான செவ்ரானில் ஒரு அறையில் இருந்துகொண்டு, விடிய நாலு மணிக்கு எழும்பி முதல் ரயிலைப் பிடித்து, பத்து வருடம் மற்றவர்களின் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தாள். பிறகு இந்தக் கட்டடம் கிடைத்தது. வாசலோடு ஒட்டிய ஒரு அறையும் குசினியும் அவளுக்கு வீடு.

அவளுடைய வேலையை நான் பார்த்திருக்கிறேன். காலடிச் சத்தத்தை வைத்தே எந்த மாடிக்காரர் படியிறங்குகிறார் என்று சொல்லுவாள். நடைபாதையில் பழைய மெத்தையைப் போட்டுவிட்டுப் போகிறவனை வீதி முனை வரைக்கும் துரத்திப் போய்த் திருப்பி எடுக்கவைப்பாள். யாராவது மூன்று நாள் தபால் எடுக்கவில்லை என்றால், மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டுவாள். திறக்காவிட்டால் தீயணைப்புப் படையைக் கூப்பிடுவாள். அந்தக் கட்டடத்தில் இரண்டு உயிர்கள் அப்படித் தப்பியிருக்கின்றன. ஒரு ஆள் ஒரு இடத்தில் இல்லாமற்போனால் அது அவளுக்கு உடனே உறுத்தும்.

அப்படிப்பட்டவள் என்னோடு கதைக்காமல் விட்டதற்குக் காரணம் நான்தான். சொல்லத்தான் வேண்டும்.

அவளுக்கு ஒரு தம்பி, அருட்பிரகாசம். படகு எஞ்சின் திருத்துவதில் எங்கள் கரையில் அவனுக்கு நிகரில்லை. என் தகப்பனாருடைய எஞ்சினை மூன்று தரம் உயிர்ப்பித்துக் கொடுத்தவன். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. பிற்பாடு இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய், போர் முடிந்த 2009 மே மாதம், வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி இராணுவத்திடம் வந்த சனத்தோடு அவனும் வந்தான். அவன் இராணுவத்தின் பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

அடுத்த வருடம் எங்கள் சிலுவைத்துறை முன்னேற்ற ஒன்றியத்துக்கு இருபதாம் ஆண்டு மலர் வந்தது. காரியதரிசி நான். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தாயிற்று என்று, 'எம்மைப் பிரிந்தோர்' பக்கத்தில் மெழுகுதிரிக்குக் கீழே அவனுடைய படத்தையும் போட்டேன். ஆன்ம சாந்திக்கு ஒரு பூசையும் ஒப்புக்கொடுக்க ஏற்பாடு செய்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். கிறிஸ்தவன், வேதக்காரன் நான் சொல்லக்கூடாது, ஆனாலும் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பாரிஸுக்கு வெளியே எபினேயில் நடந்த விழாவில் அவள் மலரைப் பிரித்தாள். சத்தம் போடவில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் விளிம்பு பிசகாமல் கிழித்து, நான்காக மடித்து, என்னிடம் வந்து என் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாள். அதன் பிறகு வீதியில் கண்டால் மற்றப் பக்கம் மாறிவிடுவாள். நானும் கொஞ்சக் காலம் கோபமாக இருந்தேன். உள்ளதைத்தானே போட்டேன் என்று என் பக்க நியாயத்தை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இப்போது அவள் மேசைக்கு முன்னால்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு உங்களுக்கு ஏதும் அலுவல் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப ஒரு சங்கத்தில சேரவேணும்."

"என்னை விடும், பிள்ளை. சங்கம் எண்டால் இப்ப எனக்கு அலர்ஜி."

"எங்கட சங்கமில்லை. ஆர்மேனியரின்ர."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய கட்டடத்தின் முற்றத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு அறை இருக்கிறது. அது ஒரு ஆர்மேனிய ஊர்ச் சங்கத்தின் அறை. லுஸாகார் என்ற கிராமத்தவர்களின் சங்கம், 1924-இல் பதிந்தது. வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம். ஏழு பேர் நேரில் இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஒரு வருடம் கூட்டம் செல்லாமற்போனால் சங்கம் அன்றோடு கலைந்தது என்று அவர்களுடைய யாப்பிலேயே, அதாவது சங்க விதிகளிலேயே, எழுதியிருக்கிறது. ஏழாவது ஆளாக இருந்த கிழவர் மார்கழியில் இறந்துவிட்டார். இப்போது ஆறு பேர்.

"அதில நீர் எங்கை வந்தீர்?"

"நான்தான் காரியதரிசி."

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், அவள் வேலைக்கு வந்த முதல் மார்ச் மாதம், சங்கத் தலைவர் மெசியு மிஹ்ரான் வந்து கதவைத் தட்டி, முற்றத்து அறைக்கு வரும்படி கூப்பிட்டிருக்கிறார். அறையைத் துடைக்கத்தான் என்று இவள் வாளியும் துடைப்பமுமாகப் போயிருக்கிறாள். அவர்கள் அவளை ஒரு கதிரையில் உட்காரவைத்து, ஒரு தாளில் கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்கும் ஒரு ஆள் குறைவு. சங்கத்தின் நோக்கத்தை ஏற்றுக்கொள்ளும் எவரும் உறுப்பினராகலாம் என்று யாப்பில் இருந்ததாம்.

"கையில றப்பர் கையுறையோட இருந்தனான் அண்ணை. கழட்டவும் வெக்கமாக் கிடந்தது. பெயர் வாசிச்சவை. நூற்றுப் பன்னிரண்டு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் 'எக்ஸ்க்யூசே' எண்டு பதில்."

பிரான்ஸில் எந்தக் கூட்டத்திலும் வரவு எடுக்கும்போது மூன்று நிரல் இருக்கும். வந்தவர், வராதவர், எக்ஸ்க்யூசே. கடைசி நிரல், வர முடியாத காரணத்தை முன்கூட்டியே அறிவித்தவருக்கு. வராதவர் வேறு, அவர் வேறு. அவருடைய இடம் அப்படியே இருக்கும்.

இம்மாகுலேற் என்ன நினைத்தாள்? நூற்றுப் பன்னிரண்டு பேரும் டெலிபோன் எடுத்து, இந்த முறை வர வசதியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். எவ்வளவு மரியாதையான சனம் என்றும் நினைத்தாள். இந்த முறை வராதவர்கள் அடுத்த முறை வராமலா போவார்கள்? அடுத்த மார்ச், சனிக்கிழமை முழுக்கக் குசினியில் நின்று, நூற்றுப் பத்தொன்பது மீன் ரோல்ஸ் சுட்டு, நான்கு தட்டில் அடுக்கி, கட்டடத்துக்காரரிடம் இரவல் வாங்கிய கதிரைகளை முற்றம் முழுக்கப் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சனம் வரப்போகிறது என்றால் பட்டியலைப் பார்த்துச் சாப்பாடு செய்வதுதானே எங்கள் பழக்கம்? வேறு எந்த இனத்துக்காரியும் இப்படி ஒரு பிழை விட்டிருக்கமாட்டாள்.

"மெசியு மிஹ்ரான் முற்றத்துக்கு வந்து கதிரையளைப் பாத்தார். பிறகு ரோல்ஸைப் பாத்தார். 'இது யாருக்கு, மதாம்?' எண்டார். 'வராத ஆக்களுக்கும் சேத்துத்தான்' எண்டு சொன்னன். மனுசன் அப்படியே ஒரு கதிரையில இருந்திட்டார். கன நேரம் எழும்பேல்லை."

அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் 1936-ஆம் ஆண்டு ஒரே கப்பலில் போனவர்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"இந்த முறை ஏழு பேர் இல்லாட்டி, அந்தப் பெயருகளை இனி ஒருத்தரும் வாசிக்க மாட்டினம் அண்ணை," என்றாள். அவள் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. மெத்தைக்காரனைத் துரத்தும் குரலில் நான் அதைக் கேட்டதில்லை.

"ஏன், உம்மட மகள் மெலானி?"

"அவள் லியோனில. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை."

"மனுசன்?"

"அவருக்கு ரெஸ்தோறோனில அலுவல் முடிய அஞ்சு மணியாகும்."

"சரி, லா சப்பலில தமிழருக்குப் பஞ்சமோ? என்னோட கதைக்கிறதே இல்லை. என்னட்டை ஏன் வந்தனீர்?"

"பஞ்சமில்லை," என்று எழும்பினாள். "நான் உங்களைத்தான் கேக்க வந்தனான்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டரைக்கே போனேன். தட்டுகளைத் தூக்க உதவலாம் என்று ஒரு எண்ணம். உள்ளதைச் சொன்னால், பதினான்கு வருடத்துக் கடனில் கொஞ்சம் கழியட்டும் என்று ஒரு கணக்கு. குசினி முழுக்க மிளகும் மீனும் மணத்தது.

"எத்தினை?"

"நூற்றிருபது."

நூற்றுப் பன்னிரண்டும் ஏழும் நூற்றுப் பத்தொன்பது. ஒன்றை உடைந்தால் பாவிக்கச் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு தட்டைத் தூக்கினேன்.

அறை சின்னது. நீள மேசை ஒன்று, ஏழு கதிரைகள், சுவரில் நிறம் மங்கிய ஒரு பட்டுக் கொடி. கண்ணாடி அலுமாரிக்குள் கறுத்த அட்டை போட்ட கொப்பிகள். எனக்கு முன்பே ஐந்து பேரும் வந்திருந்தார்கள். மெசியு மிஹ்ரானுக்கு எண்பத்தைந்து வயது. முப்பத்தைந்து வருடம் மெத்ரோ ஓட்டியவர். இரண்டாம் இலக்க மெத்ரோ எங்கள் லா சப்பல் தரிப்பிடத்தில் தலைக்கு மேலால் போகுமே, அதை ஓட்டியவர்களில் ஒருவர் ஊர்ச் சங்கத் தலைவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவருடைய மருமகள் எலோடி, பேக்கரிக்காரர் அர்னோ, அல்ஃபோர்வில்லிலிருந்து வந்த வயதான இரண்டு சகோதரிகள். இவ்வளவுதான் சங்கம்.

மூன்று மணிக்கு இன்னும் கால் மணி இருந்தது. புதியவனுக்குச் சொல்லவேண்டும் என்று மிஹ்ரான் தொடங்கினார். பிரெஞ்சு அவருக்குத் தெளிவாக, ஒவ்வொரு தரிப்பிடமாக அறிவிப்பதுபோல வந்தது.

லுஸாகார் துருக்கிப் பக்கத்தில் இருந்த கிராமம். 1915-இல் அழிந்தது. தப்பிய சனம் பாலைவனம் தாண்டி, கப்பலேறி, பாரிஸுக்கு வந்து சேர்ந்தது. வந்ததும் முதல் வேலையாகச் சங்கம் தொடங்கியது. அந்தக் காலத்தில் சோவியத் ஆர்மேனியா புதிதாக உருவாகியிருந்தது. அதன் தலைநகர் எரவானிலிருந்து ஒரு உதவிக் குழு, உங்கள் பழைய ஊரின் பெயரில் இங்கே புதிய ஊர் கட்டலாம், உதவுங்கள் என்று எழுதியது. சங்கம் இரண்டாகப் பிளந்தது. சிவப்புக் கொடிக்காரனுக்கு ஒரு ஆணிகூட அனுப்பக்கூடாது என்று ஒரு பக்கம். கொடி எதுவானாலும் மண் நம்முடையது என்று மற்றப் பக்கம். ஒரு கூட்டத்தில் கதிரை பறந்து ஒருவருக்கு மண்டை உடைந்ததாம்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. வீட்டுக்கு வீடு வாசற்படி. எங்கள் திருவிழாக் குழுவில் ஒலிவாங்கிதான் பறந்தது.

கடைசியில் மண் பக்கம் வென்றது. தண்ணீர்க் குழாய், தையல் இயந்திரம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு மணி என்று அனுப்பினார்கள். பிறகு ஆட்களே புறப்பட்டார்கள். 1936-இல் மார்செய்யிலிருந்து போன கப்பலில் சங்கத்தின் நூற்றுப் பத்தொன்பது உறுப்பினரில் நூற்றுப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். மிச்சம் ஏழு பேர். ஒருவருக்குக் காசநோய், ஒருவருக்கு மனைவி சம்மதிக்கவில்லை, இப்படிக் காரணங்கள். தாங்களும் அடுத்த கப்பலில் போவதாகத்தான் இருந்தார்கள்.

"ஒரு வருடம் கடிதங்கள் வந்தன," என்றார் மிஹ்ரான். "பிறகு கடிதங்கள் மெலிந்தன. முதலில் நான்கு பக்கம், பிறகு ஒரு பக்கம், பிறகு நலம், நலமறிய ஆவல். பிறகு எதுவும் இல்லை."

1937 முடிவில் ஒரு கடிதம் மட்டும் வந்தது. ஊராரிடமிருந்து அல்ல, அங்கே ஒரு அலுவலகத்திலிருந்து. உதவிக் குழு கலைக்கப்பட்டுவிட்டது, நீங்களும் உங்கள் சங்கத்தைக் கலைத்துவிட்டு, யாப்பின்படி உறுப்பினர் பட்டியலையும் கடிதங்களையும் எங்களுக்கு அனுப்புங்கள் என்று. அந்த நாட்களில் அங்கே, வெளிநாட்டுச் சங்கத்தோடு உனக்கு என்ன தொடர்பு என்ற ஒரு கேள்வியே ஒரு மனிதனை இல்லாமற்செய்யப் போதுமாக இருந்தது. யார் யார் என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் இந்த அறையில் கட்டுக்கட்டாக இருந்தது. அனுப்புவதும் காட்டிக்கொடுப்பதும் ஒன்றுதான்.

ஏழு பேரும் ஒரு இரவும் ஒரு பகலும் யாப்பைப் புரட்டினார்களாம். கலைந்தால்தான் பட்டியலை அனுப்பவேண்டும். கலையாமலிருக்க வருடம் ஒரு கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும். சரியாக ஏழு பேர் இருந்தார்கள். எட்டாவது ஆள் இல்லை. இன்னொரு பிரிவும் இருந்தது. காரணம் சொல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரின் பெயர் வெட்டப்படும். அதற்காகத்தான் எக்ஸ்க்யூசே.

"காரணம் அவர்கள் அறிவிக்கவேண்டுமே?" என்று நான் காரியதரிசிப் புத்தியைக் காட்டினேன்.

"அங்கே குடும்பத்தவர்கள் போய்க் கேட்டால் என்ன சொல்வார்கள் தெரியுமா?" என்றார். "பத்து வருடச் சிறை, கடிதம் எழுத உரிமையில்லை. அதுதான் பதில். கடிதம் எழுத உரிமையில்லாத ஒருவர் எப்படி எங்களுக்குக் காரணம் அறிவிப்பார்? ஆகவே அவருக்காக நாங்கள் அறிவிக்கிறோம்."

அலுமாரியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். நான் குறிப்பு எழுதியே கிழடானவன். மற்றவர்கள் கோயிலில் கும்பிடுவதுபோல எனக்குக் கொப்பி. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஜெர்மன்காரன் பாரிஸைப் பிடித்திருந்த 1943-இல் கூட்டம் ஒரு குசினியில் நடந்திருக்கிறது. குறிப்பு நான்கு வரி, ஆனால் நூற்றுப் பன்னிரண்டு பெயரும் முழுதாக இருந்தன. 1968 மேயில் நகரமே ஸ்தம்பித்த வருடத்திலும் இருந்தன. 2020 மார்ச் பதினைந்து, ஊரடங்குக்கு இரண்டு நாள் முன்பும் இருந்தன. மை மாறியது, கை மாறியது, ஆர்மேனிய எழுத்து பிரெஞ்சு எழுத்தாக மாறியது. தகப்பன் இறக்க மகன், மகன் இறக்க மகள் என்று ஏழு கதிரையிலும் ஆட்கள் மாறினார்கள். பெயர்கள் மாறவில்லை. 2008-க்குப் பிறகு இம்மாகுலேற்றின் உருண்டைக் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல ஒவ்வொரு பெயருக்கும் கோடு போட்டு. எண்பத்தேழு வருடம், ஒரு வருடம்கூட விடுபடவில்லை. நான் இருந்த சங்கங்களில் மூன்று வருடத்துக் குறிப்பைத் தொடர்ந்து காட்டச் சொன்னால் நான் ஊரைவிட்டு ஓடவேண்டும்.

கடைசிக் கொப்பிகளில் மட்டும் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. 2011-இலிருந்து பட்டியலின் கடைசி இலக்கம் நூற்றுப் பதின்மூன்று. இலக்கமிடும்போது எங்கேயோ சறுக்கியிருக்கிறாள், கூட்டம் முடியச் சொல்லித் திருத்தலாம் என்று கொப்பியை மூடிவைத்தேன்.

"ஒன்று கேட்கலாமா?" என்றேன் மிஹ்ரானிடம். "இன்றைக்கு அவர்கள் எல்லோருக்கும் நூறு வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அந்த நாடும் இல்லை. இனியாவது இறந்தவர்கள் என்று எழுதினால் என்ன?"

சகோதரிகள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இம்மாகுலேற் தட்டுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"எங்களுக்குக் கணக்குத் தெரியாமலில்லை," என்றார் அவர் பொறுமையாக. "ஆனால் யாப்பில் பதினோராம் பிரிவு இருக்கிறது. ஒரு உறுப்பினர் இறந்துவிட்டார் என்று எழுதவேண்டுமானால், கண்ணால் கண்ட ஒருவர் கூட்டத்துக்கு வந்து, எழுந்து நின்று சொல்லவேண்டும். 1991-க்குப் பிறகு நான் எரவானுக்குப் போனேன். இறந்ததாகத் தாள்கள் காட்டினார்கள். தாளைத்தான் கண்டேன். காணாததைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சொல்லக்கூடிய ஆள் வரும்வரை அவர்கள் விடுப்பில் இருக்கிறார்கள்."

என் சட்டைப் பையில் ஏதோ கனப்பதுபோல இருந்தது. ஒன்றும் இல்லை, அன்றைக்குப் புதுச் சட்டைதான் போட்டிருந்தேன். நீங்கள் கண்டனீங்களோ என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரிய எண்பத்தேழு வருடத்துக் கொப்பி வேண்டியிருந்தது.

மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. என்னை உறுப்பினராக ஏற்றுக் கையை உயர்த்தினார்கள். கையொப்பம் வைத்தேன். ஏழு பேர், கூட்டம் செல்லும் என்று தலைவர் அறிவித்தார். இம்மாகுலேற் கண்ணை மூடித் திறந்தாள். அவள் மூச்சு வாங்கியது மேசைக்கு இந்தப் பக்கம் கேட்டது. அந்த வாளிக்காரி இந்தச் சங்கத்தை இன்னும் ஒரு வருடம் தூக்கி நிறுத்திவிட்டாள்.

"இனி வரவு," என்றார் மிஹ்ரான். "மெசியு ஸ்ரீபன், பதில் சொல்லவேண்டியது நீங்கள்."

"நானா?"

"புதிதாய்ச் சேர்ந்தவர்தான் சொல்லவேண்டும். காசநோய்க்காரர் 1937-இல் இறக்க, அவருடைய இடத்துக்கு ஏழாவதாகச் சேர்ந்தவள் என் அம்மா. கலியாணம் கட்டி பெய்ரூத்திலிருந்து வந்து மூன்று மாதம். கப்பலில் போன ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. மற்றவர்கள் முதலில் தாங்களே பதில் சொல்லப் பார்த்தார்கள். மூன்றாவது பெயரிலேயே குரல் போய்விட்டது. அது தம்பி, இது மைத்துனன், எப்படிச் சொல்வது? தெரியாதவள் சொல்லட்டும், அவளுக்குக் குரல் உடையாது என்றார்கள். அன்றிலிருந்து அதுதான் வழக்கம்."

இம்மாகுலேற் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைத் திறந்தாள். முதல் பெயரை வாசித்தாள். மன்னார்க்காரியின் வாயில் ஆர்மேனியப் பெயர். இருபத்திரண்டு வருடம் பழகிய பெயர், ஒரு எழுத்தும் பிசகவில்லை.

"எக்ஸ்க்யூசே," என்றேன்.

இரண்டாவது பெயர். எக்ஸ்க்யூசே. மூன்றாவது. தொடக்கத்தில் எண்ணிக்கொண்டு வந்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஒரே குடும்பப் பெயரில் ஐந்து பேர், ஒன்பது பேர் என்று வந்தார்கள். கதிரைகள் ஏழுதான் இருந்தன, ஆனால் அறைக்குள் இடமில்லாமற் போவதுபோல எனக்கு ஒரு நெருக்கம். வெளியே மெத்ரோ இரண்டு முறை போனது. அர்னோவின் உதடுகள் என்னோடு சேர்ந்து அசைந்தன. வழக்கம் எவ்வளவு சரி என்று எனக்குப் பட்டது. எனக்கு அவர்களைத் தெரியாது, என் குரல் கடைக்காரன் குரலாக நேராகப் போய்க்கொண்டிருந்தது.

நூற்றுப் பன்னிரண்டாவது பெயருக்கும் சொன்னேன். முடிந்தது என்று தண்ணீர்க் கிளாசை எடுத்தேன்.

இம்மாகுலேற் கொப்பியை மூடவில்லை. விரலை ஒரு வரி கீழே வைத்தாள்.

"செபஸ்தியாம்பிள்ளை அருட்பிரகாசம்," என்று வாசித்தாள்.

மற்ற ஐந்து பேரும் முன்பைப்போலவே காத்திருந்தார்கள். பதின்மூன்று வருடமாக அவர்கள் கேட்டுவந்த பெயர், அவர்களுடைய பட்டியலின் கடைசிப் பெயர். நூற்றிருபதாவது ரோல்ஸ் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் மெழுகுதிரிக்குக் கீழே போட்டவனை அவள் கொண்டுவந்து, வெட்ட முடியாத ஒரு பட்டியலில், காணாததைச் சொல்லாத ஆட்களிடம் ஒப்படைத்து வைத்திருக்கிறாள்.

தெரியாதவனுக்குக் குரல் உடையாது. எனக்கு அவனைத் தெரியும். கரையில் குந்தியிருந்து, கை முழுக்கக் கறுப்பு எண்ணெயோடு, 'இப்ப இழுத்துப் பாருங்கோ அண்ணை' என்று என்னைப் பார்த்துச் சிரித்தவனை எனக்குத் தெரியும்.

"எக்ஸ்..." என்றேன். மிச்சம் வரவில்லை. கிளாசைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சொன்னேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

இம்மாகுலேற் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பதினான்கு வருடத்துக்குப் பிறகு நேராக, முகத்துக்கு.

"கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ அண்ணை," என்றாள் தமிழில். "மெசியு மிஹ்ரானுக்குக் கேக்கேல்லை."

நூற்றுப் பன்னிரண்டு பெயருக்கும் கேட்ட மனிதர் அவர். தலையைக் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்று, "எக்ஸ்க்யூசே," என்று பலமாகச் சொன்னேன். அவள் எழுதினாள்.